ஒரே ஜிமெயிலில் 128 ஐடி? ஆஃபருக்காக புள்ளி வைப்பவர்கள் கவனத்துக்கு!

"முதல் ஆர்டருக்கு தள்ளுபடி", "சைன்-அப் பண்ணினா கூப்பன்". ராயபுரமோ எண்ணூரோ, கையில் போன் இருக்கிற எல்லோருக்கும் தினம் வருகிற மெசேஜ்தான். ஒருமுறை வாங்கியாச்சு, மறுபடி எப்படி வாங்குறது என்று கேட்டால், பக்கத்தில் இருப்பவர் சொல்லும் ஐடியா: "ஜிமெயில்ல ஒரு புள்ளி சேர்த்துக்கோ, புது ஆள் ஆயிடுவ."

இது பாதி உண்மை. மீதி பாதியில்தான் சிக்கல்.

புள்ளியில் அப்படி என்ன இருக்கு?

@ குறிக்கு முன்னால் இருக்கும் புள்ளிகளை ஜிமெயில் கணக்கில் எடுப்பதே இல்லை. உதாரணத்துக்கு, காசிமேடு என்பதை ஆங்கிலத்தில் எட்டு எழுத்தில் எழுதினால் நடுவில் ஏழு இடைவெளி வரும். ஒவ்வொன்றிலும் புள்ளி வைக்கலாம், வைக்காமலும் விடலாம். இரண்டை ஏழு முறை பெருக்கினால் 128. இந்த 128 முகவரியில் எதற்கு மெயில் போட்டாலும் வந்து விழுவது ஒரே இன்பாக்ஸ்.

இன்னொரு வழி, + குறி. உங்கள் பெயருக்குப் பின்னால் + போட்டு எந்த வார்த்தையைச் சேர்த்தாலும் மெயில் உங்களுக்கே வரும். அவுட்லுக்கிலும் இது உண்டு. ஆனால் புள்ளி விஷயம் அப்படி இல்லை. அவுட்லுக், யாகூவில் புள்ளி மாறினால் அது வேறு முகவரி. ஆபீஸ், காலேஜ் கொடுத்த கூகுள் மெயிலிலும் புள்ளிக்கு மதிப்பு உண்டு.

அப்போ ஆஃபர் ரெண்டு தடவை கிடைக்குமா?

நம்ம ஊர் ஆப்களில் பெரும்பாலும் கிடைக்காது. இங்கே அடையாளம் இமெயில் இல்லை, மொபைல் நம்பரும் ஓடிபியும்தான். அதற்கு மேல் யுபிஐ ஐடி, டெலிவரி முகவரி, போனின் அடையாள எண் எல்லாம் பார்ப்பார்கள். இமெயில் மட்டும் கேட்கும் தளங்களும், புள்ளியையும் + குறிக்குப் பின்னால் உள்ளதையும் நீக்கிவிட்டு ஒப்பிட்டால் ஒரே ஆள் என்று தெரிந்துவிடும். 'ஒருவருக்கு ஒரு முறை மட்டும்' என்ற நிபந்தனையை மீறினால் ரிவார்டு ரத்து, சில சமயம் அக்கவுண்டே முடக்கம்.

நண்பர்களின் சிம், சொந்தக்காரர் பெயரில் சிம் என்று அடுத்த கட்டத்துக்குப் போவது இன்னும் ஆபத்து. ஒருவர் பெயரில் அதிகபட்சம் 9 சிம்தான். மீறினால் 2023 தொலைத்தொடர்பு சட்டப்படி முதல் முறையே 50,000 ரூபாய் வரை அபராதம்.

வெளிநாட்டில் இதை வைத்துப் பெரிய மோசடியே நடந்திருக்கிறது. அகாரி என்ற மெயில் பாதுகாப்பு நிறுவனம் 2019-ல் வெளியிட்ட தகவல்படி, அமெரிக்காவில் ஒரு கும்பல் ஒரே ஜிமெயிலின் 56 புள்ளி வடிவங்களைப் பயன்படுத்தி, நான்கு நிதி நிறுவனங்களில் 48 கிரெடிட் கார்டு விண்ணப்பங்கள் போட்டு, குறைந்தது 65,000 டாலர் கடன் வரம்பை வாங்கியிருந்தது. சொந்த மெயிலில் புள்ளி வைப்பது குற்றமில்லை. பொய் அடையாளம் காட்டி ஆதாயம் அடைவது மோசடி. இந்தியாவில் அதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவு இருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு மட்டும் ஏன் இல்லை?

ஆஃபர் நிபந்தனைகளைக் கடைசி வரை படிக்கும் பொறுமைசாலிகள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: "தமிழ்நாட்டில் செல்லாது." காரணம், 1979-ல் வந்த தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் தடைச் சட்டம். பொருள் வாங்குபவருக்கு குலுக்கல் மாதிரி அதிர்ஷ்டத்தின் பேரில் பரிசு தருவது இங்கே தடை. கூகுள் பே, 2017-ல் 'தேஜ்' என்ற பெயரில் வந்த புதிதில், அதிர்ஷ்ட ஸ்கிராட்ச் கார்டு பரிசுகளில் நம்ம மாநிலத்துக்கு விலக்கு இருந்தது இதனால்தான். ஆக, 128 ஐடி போட்டாலும் இந்த வகைப் பரிசு கைக்கு வராது. "நீங்கள் குலுக்கலில் வென்றீர்கள்" என்று திருவொற்றியூர்க்காரருக்கு லிங்க் வந்தால், கண்ணை மூடிக்கிட்டு சந்தேகப்படலாம்.

புள்ளியை வைத்து உங்களையே ஏமாற்ற முடியுமா?

முடியும். 2018-ல் நெட்ஃபிளிக்ஸ் விஷயத்தில் பேசப்பட்டது இது. உங்கள் ஜிமெயிலில் ஒரு புள்ளி மாற்றி, வேறு யாரோ அக்கவுண்ட் தொடங்குகிறார். கொஞ்ச நாளில் அவர் கொடுத்த கார்டு செல்லாமல் போகிறது. "பணம் கட்ட கார்டு விவரத்தை மாற்றுங்கள்" என்ற மெயில், அதுவும் நிஜமான நிறுவனத்திடமிருந்தே, உங்களுக்கு வரும். நம்ம அக்கவுண்ட்தானே என்று கார்டு நம்பரைப் போட்டால், படம் பார்ப்பது அவர், காசு கட்டுவது நீங்கள். இப்படி மெயில் வந்தால் 'டு' என்ற இடத்தில் உங்கள் முகவரி எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் எப்போதும் கொடுக்கிற மாதிரி இல்லையென்றால் லிங்க்கைத் தொடவே வேண்டாம்.

அப்போ இந்த வசதி எதுக்குத்தான்?

குப்பை மெயிலைப் பிடிக்க. எம்.சி. ரோடில் துணி எடுக்கும்போது பில் கவுண்டரில் இமெயில் கேட்கிறார்கள் என்று வையுங்கள். + போட்டு 'துணிக்கடை' என்று சேர்த்துக் கொடுங்கள். நாளைக்கு அதே முகவரிக்கு லோன் கம்பெனி மெயில் வந்தால், உங்கள் விவரம் எந்த வழியில் வெளியே போனது என்று புரிந்துவிடும். அந்த முகவரிக்கு வருவதையெல்லாம் தனி லேபிளில் தள்ள ஜிமெயிலில் ஃபில்டரும் போடலாம். + பகுதியை வெட்டிவிட்டால் உண்மையான முகவரி தெரிந்துவிடும் என்பதால், அதை மறைக்கவே விரும்புபவர்களுக்கு ஆப்பிளின் 'ஹைட் மை இமெயில்', 'ஃபயர்பாக்ஸ் ரிலே' போன்ற சேவைகள் உண்டு.

பான், பேங்க், வேலைக்கான தேர்வு விண்ணப்பம் ஆகியவற்றுக்கு மட்டும் இந்த வேலையே கூடாது. + குறியை ஏற்காத படிவங்கள் நிறைய. ஏற்றாலும், ஆறு மாதம் கழித்து எந்த வடிவம் கொடுத்தோம் என்று மறந்தால் லாகின் செய்வதே பாடு. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் போடுபவர்கள், சென்டர்காரர் தன் மெயிலைப் போட்டுவிடாமல் உங்களுடையதைத்தான் டைப் செய்கிறாரா என்று திரையைப் பார்த்துவிடுங்கள். தேர்வு பற்றிய தகவல்கள் அந்த மெயிலுக்குத்தான் வரும்.

ஆஃபர் லிங்க்கில் ஏற்கெனவே பணம் போயிருந்தால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். பணம் அடுத்த அக்கவுண்டுக்கு மாறுவதற்குள் சொன்னால், நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.