கோழிக்கால் சரித்திரம்

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கம் போய்விடாதீர்கள். நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். வெம்பக்கோட்டைக்குப் பக்கம். 1970-ல் தமிழக அரசு சிமென்ட் ஆலை தொடங்கியதே, அந்த ஊர்! சுண்ணாம்புக்கல், கரிசல் மண், எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேலம், காலையில் எழுந்து தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் கிளம்புகிற ஜனங்கள். இத்தனைக்கும் நடுவே, வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் நாலைந்து கோழிகள்.

அந்தக் கோழிகளில் ஒன்று திடீரென்று நொண்ட ஆரம்பிக்கிறது. "ஏத்தா, பெட்டைக்கோழி காலைத் தூக்கித் தூக்கி வைக்குதே... முள்ளு கிள்ளு ஏறிருச்சான்னு பாரு" என்று திண்ணையில் இருந்து பாட்டி குரல் கொடுப்பாள். கோழியைப் பிடித்து, மல்லாத்தி, பாதத்தைத் திருப்பிப் பார்த்தால், உள்ளங்காலில் மிளகு சைஸில் கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவந்து, வீங்கி, தொட்டால் சூடு. நம் காலில் வருகிற ஆணி மாதிரியே இருக்கும். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் பம்பிள்ஃபுட். இந்தச் சின்னப் பொருக்குக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரமே இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

முதலில் அந்தக் காலைக் கொஞ்சம் பாருங்கள். மஞ்சள் நிறமாக இருக்கிறதல்லவா? உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் முதல் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. அதை மனிதன் வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கான உறுதியான எலும்புச் சான்று தாய்லாந்தில் கிடைத்திருக்கிறது. ஏறக்குறைய 3,500 வருடப் பழசு! ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு அந்தக் கோழியிடமிருந்து வரவில்லை. தென்னிந்தியக் காடுகளில் திரிகிற சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் இன்றைக்கும் அது கூவிக்கொண்டிருக்கிறது. அதாவது, உலகம் பூராவும் மஞ்சள் காலோடு நடக்கிற கோழிக்கெல்லாம் நம்ம பக்கத்துச் சொந்தம் உண்டு!

இலைச்சருகு மெத்தையில் நடக்கவும், மரக்கிளையைப் பற்றிக்கொண்டு தூங்கவும் உருவான பாதம் அது. அதைக் கொண்டுவந்து சுண்ணாம்புக்கல் தரையிலும், சொரசொரப்பான சிமென்ட் முற்றத்திலும் விட்டால்? உயரமான மதில் சுவரிலிருந்து தொப்பென்று குதிக்கும்போது உள்ளங்கால் கன்றும். கருவேல முள் குத்தும். (அந்த முள்கூட அசல் ஊர்க்காரன் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மரம்!) அந்தச் சின்ன ஓட்டை வழியே கிருமி உள்ளே நுழைகிறது. எச்சத்தில் ஊறிய ஈரத்தரை என்றால் அதற்குக் கொண்டாட்டம். கோழி ரொம்பக் கொழுத்துவிட்டாலும், தீனியில் 'ஏ' வைட்டமின் குறைந்தாலும் பாதம் சீக்கிரம் புண்ணாகும்.

இனிதான் சரித்திரம். ஆதிகாலம் தொட்டு மனிதன் கோழியின் காலை உற்றுப் பார்த்தேதான் இருக்கிறான். ஆனால் எந்தக் கோழி? சேவல்! விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில், ஏறக்குறைய 5-ஆம் நூற்றாண்டில், ஒரு சேவலுக்கு நடுகல் எடுத்திருக்கிறார்கள். கல்லில் சேவலைச் செதுக்கி, அது எந்தச் சேரிக்காகப் போரிட்டது என்று எழுத்தும் வெட்டியிருக்கிறார்கள். மதுராந்தகம் பக்கம் இந்தளூரிலும் அப்படியொரு கல். அந்தச் சேவலுக்குப் பெயர் பொற்கொற்றி! பல மனுஷர்களுக்கே கிடைக்காத மரியாதை. சங்ககாலப் புலவர் ஒருவரோ, குப்பைமேட்டில் நடக்கும் கோழிச் சண்டையை உவமையாகச் சொன்ன ஒரே காரணத்துக்காகக் 'குப்பைக் கோழியார்' என்று பெயர் பெற்றுவிட்டார்.

'ஆடுகளம்' படத்தில் பார்த்திருப்பீர்கள், சேவல்காரர்கள் சேவலை எப்படித் தாங்குகிறார்கள் என்று. காலைப் பிடித்துவிடுவது, பாதத்தைத் துடைத்துப் பார்ப்பது, ஒத்தடம் கொடுப்பது எல்லாம் சேவலுக்குத்தான். காலில்தானே பந்தயப் பணம் இருக்கிறது!

ராஜாக்கள் இன்னும் ஒரு படி மேலே. வேட்டைக்கு வளர்த்த வல்லூறுகளுக்கு வைத்திய நூலே உண்டு. இமயமலை அடிவாரத்துக் குமாவுன் தேசத்து ராஜா ருத்ரதேவர், 16-ஆம் நூற்றாண்டில் 'சியைநிக சாஸ்திரம்' என்று சம்ஸ்கிருதத்தில் எழுதினார். வல்லூறைப் பழக்குவது எப்படி, நோய் வந்தால் என்ன மருந்து என்று விலாவாரியாகச் சொல்லும் புத்தகம். கூண்டில் வளரும் வல்லூறுகளுக்கும் இந்தப் பாதப் புண் ஒரு சாபக்கேடு என்பதால், ஐரோப்பாவிலும் அரசர்களின் வேட்டைக்காரர்களுக்கு இது பழகிய வியாதிதான்.

பெட்டைக்கோழி? அதற்குக் கல்லும் இல்லை, சாஸ்திரமும் இல்லை. சிவகாசியின் பிரபலமான பட்டாசு மார்க்குகளில் ஒன்றுகூடச் 'சேவல்'தான், கவனித்தீர்களா?

காரணம் லேசாகப் புரிகிறது. சேவல் ஆண்களின் பந்தயம். வல்லூறு அரசனின் பொழுதுபோக்கு. பெட்டைக்கோழி என்பது வீட்டுப் பெண்ணின் சுருக்குப்பைக் காசு. முட்டை விற்று வந்தது பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கு. குஞ்சு பொரித்து வளர்த்து விற்றது பண்டிகைத் துணிக்கு. அந்தக் கணக்கை யாரும் கல்லில் வெட்டவில்லை. 1903-ல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோதுகூட, அந்தக் காலத்து மருத்துவம் என்றால் பிரதானமாகக் குதிரை, அப்புறம் மாடு. கோழி நொண்டினால் வைத்தியம் குழம்புச் சட்டியில்தான்!

விசித்திரம் என்னவென்றால், நொண்டிய கோழிகள்தான் மருத்துவத்துக்குப் பெரிய உபகாரம் செய்தன. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஜாவா தீவின் பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) எய்க்மன் என்ற டச்சு டாக்டர், பெரிபெரி நோய்க்குக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆராய்ச்சிக் கோழிகள் திடீரென்று கால் துவண்டு விழுந்தன. பிறகு தானாகவே எழுந்து நடந்தன! துப்புத் துலக்கியதில் வில்லன் சிக்கினான்: அரிசி. ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றைத் தின்றபோது கால் துவண்டிருக்கிறது. புதிதாக வந்த சமையல்காரர், 'ராணுவச் சோறு கோழிக்கெல்லாம் கிடையாது' என்று நிறுத்த, சாதாரண அரிசிக்கு மாறிக் கோழிகள் பிழைத்தன. வைட்டமின்கள் கண்டுபிடிக்கப்பட வழி திறந்தது அப்படித்தான். 1929-ல் எய்க்மனுக்கு நோபல் பரிசு. கோழிக்கு வழக்கம்போல ஒன்றும் கிடையாது.

1907-ல் ஹங்கேரியில் யோசெஃப் மாரெக், கால் விளங்காமல் போன நான்கு சேவல்களை ஆராய்ந்து, நரம்பில் கோளாறு என்று எழுதினார். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டிக் கிடக்கும் அந்த நோய்க்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். 1927-ல் குமாவுன் மலையில் ராணிகேத் என்ற ஊரில் கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. நம்மூரில் வெள்ளைக் கழிச்சல் என்கிறோமே, அதற்கு 'ராணிகேத் நோய்' என்று பெயர் விழுந்தது அப்போது. வல்லூறுக்கு வைத்திய நூல் எழுதிய அதே ருத்ரதேவரின் சீமை!

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? கோழி நொண்டினாலே பாதப் புண் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. உள்ளங்காலில் வீக்கமும் கறுப்புப் பொருக்கும் இருந்தால்தான் அது. பாதம் சுத்தமாக இருந்து, கால் துவண்டாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டாலோ விஷயம் வேறு. கால்நடை மருந்தகத்துக்கு ஓட வேண்டும். காலின் செதில் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு பூசினாற்போல் இருந்தால், அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சியின் வேலை.

சரி, புண்ணுக்குள் இருக்கும் கிருமி யார்? 1880-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத்து சர்ஜன் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன், மனிதர்களின் சீழ்க்கட்டியிலிருந்து எடுத்த சீழை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். திராட்சைக் கொத்து மாதிரி குட்டிக் குட்டி உருண்டைகள்! ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயர் வைத்தார். அதை வளர்க்க அவர் உபயோகித்த பாத்திரம் எது தெரியுமா? கோழிமுட்டை!

அதே கிருமிதான் பெரும்பாலும் கோழிப் பாதத்திலும் குடியிருக்கிறது. 2009-ல் எடின்பரோ விஞ்ஞானிகள் இதில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். பல நாட்டுப் பிராய்லர் கோழிகளிடம் எடுத்த கிருமிகளை ஆராய்ந்ததில், அவற்றில் பெரும்பாலானவை ஒரே வம்சம். சுமார் 38 வருடங்களுக்கு முன் மனிதனிடமிருந்து கோழிக்குத் தாவிய வம்சம்! கோழியிடமிருந்து நமக்கு நோய் வரும் என்றுதானே பயப்படுகிறோம்? இங்கே கொடுத்தது நாம். (இது பண்ணைக் கோழிகளின் கதை. கொல்லைப்புறக் கோழிக்கு அப்படியே பொருத்திவிட வேண்டாம்.) கோழியின் புண்ணைத் தொடும் முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்வது இரண்டு பேரின் நன்மைக்கும்தான்.

வைத்தியம் கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பாதத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவையுங்கள். முள் தெரிந்தால் எடுத்துவிட்டு, அயோடின் மருந்து தடவி, சுத்தமான துணியால் கட்டுப் போடுங்கள். கட்டு அழுக்கானாலோ நனைந்தாலோ உடனே மாற்ற வேண்டும். அழுத்திப் பிதுக்குவது மட்டும் ஆகாது. நமக்கு வருவதுபோல் கோழிக்குச் சீழ் ஒழுகாது. பாலாடை கட்டியாக இறுகிக் கிடக்கும். பிதுக்கினால் கிருமி எலும்புப் பக்கம் இறங்கும். கட்டி பெரிதாக இருந்தால் கீறி எடுப்பது டாக்டர் வேலை. வீட்டில் மிச்சமிருக்கும் மனுஷ மாத்திரையைப் பொடித்துப் போடுகிறவர்கள் உண்டு. கூடவே கூடாது, மருந்து முட்டை வழியாக உங்கள் தட்டுக்கே திரும்பி வரும்.

பாட்டி வைத்தியம் ஒதுக்கத்தக்கதல்ல. கோமாரி கண்ட மாடுகளின் கால் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, பூண்டு, மஞ்சள், மருதாணி, துளசியை எண்ணெயில் காய்ச்சிப் போடும் முறையை, தஞ்சாவூரில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி ஊர் ஊராகக் கொண்டுபோனார். அதே எண்ணெயைக் கோழிக்காலுக்கும் தடவிப் பார்க்கும் வீடுகள் இருக்கின்றன. ஆரம்பப் புண்ணுக்கு அது போதலாம். உள்ளே கட்டி இறுகிவிட்டால் எண்ணெய் எட்டாது.

கட்டுப் போட்ட கோழியைப் பஞ்சாரத்துக்குள், காய்ந்த உமியோ வைக்கோலோ பரப்பி, தனியாக வையுங்கள். ராத்திரி அது ஏறி உட்காரும் கம்பு முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். முண்டு முடிச்சு இல்லாமல் இழைத்துவிடுங்கள். முற்றத்தில் ஒரு மூலையிலாவது மணல் கொட்டிவையுங்கள். புண் ஆறிக் கட்டுப் பிரிக்கிற அன்று கோழியைக் குப்பைமேட்டுப் பக்கம் விட்டு, ஒற்றைக்காலால் கிளறுகிறதா, இரண்டு காலையும் மாற்றி மாற்றிக் கிளறுகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.