சம்பளம் வாங்காமல் 152 வருஷம்

கிரிக்கெட் பதிவுகளுக்கு நடுவுல ஒரு கால்பந்துப் பதிவு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க மக்களே.

கிளாஸ்கோன்னா நம்மில் பலருக்கு செல்டிக், ரேஞ்சர்ஸ் ரெண்டு பேரைத்தான் தெரியும். ரெண்டுக்கும் மூத்த அண்ணன் ஒருத்தர் அதே ஊரில் இருக்கிறார். பேரு குயின்ஸ் பார்க். 1867 ஜூலை 9 அன்று எக்ளிண்டன் டெரஸில் மூணாம் நம்பர் வீட்டில் சில இளைஞர்கள் கூடி ஆரம்பித்த கிளப். பேர் வைக்கிறதுலேயே தகராறு. செல்ட்ஸ், நார்தர்ன், மோரேஷயர் என்றெல்லாம் சொல்லிப் பார்த்து, கடைசியில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் 'குயின்ஸ் பார்க்' ஜெயித்தது. கொள்கை, 'ஆட்டத்துக்காகவே ஆடு'. ஆட்டக்காரர் யாருக்கும் காசு கிடையாது.

ஆனா காசுப் பிரச்சினை ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. இங்கிலாந்தில் எஃப்.ஏ. கோப்பை தொடங்கியபோது, 20 பவுண்டு விலையுள்ள அந்தக் கோப்பையை வாங்க இவர்களும் ஒரு கினி கொடுத்தார்கள். 1872-ல் அரையிறுதி, லண்டன் ஓவல் மைதானத்தில். நம்ம ஊர்ப் பசங்க டோர்னமெண்டுக்குப் போக வசூல் பண்ணுவாங்களே, அதே கதைதான். ஊரில் சந்தா வசூலித்து லண்டன் போனார்கள். வாண்டரர்ஸுடன் ஆட்டம் 0-0. மறுபடி ஆடணும். அதுக்குக் கையில் காசில்லை! விலகிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்த வாண்டரர்ஸ்தான் முதல் கோப்பையைத் தூக்கியது.

அதே வருஷம் நவம்பர் 30, உலகின் முதல் அதிகாரபூர்வ சர்வதேசக் கால்பந்து ஆட்டம், ஸ்காட்லாந்து - இங்கிலாந்து. இடம், கிளாஸ்கோவில் ஒரு கிரிக்கெட் மைதானம். ஸ்காட்லாந்தின் பதினோரு பேரும் குயின்ஸ் பார்க் ஆட்கள்! அப்போதைய ஆங்கிலேய பாணி என்னன்னா, ஒருத்தன் பந்தைக் கடத்திக்கிட்டே ஓடுவான், மத்தவங்க பின்னாடி ஓடுவாங்க. உடம்பும் அவங்களுக்குத்தான் கனம். மோதினா தாங்காது. இவங்க ஒரே கிளப், சேர்ந்து பழகினவங்க. பந்தைத் தன்கிட்டயே வச்சுக்காம ஒருத்தருக்கொருத்தர் தட்டிவிட்டு ஆடினார்கள். ஆட்டம் 0-0. இன்னிக்கு நாம 'பாஸிங்'னு சர்வசாதாரணமா சொல்றோமே, அதை ஒரு கலையாக வளர்த்ததில் இந்த அமெச்சூர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கேதான் வேடிக்கை. அந்தக் கலை தெரிந்த ஸ்காட்லாந்து ஆட்களை வட இங்கிலாந்து கிளப்கள் காசு கொடுத்து இழுத்தன. முதலில் மறைமுகமாக, 1885 முதல் சட்டபூர்வமாக. 1884, 1885 இரண்டு வருஷமும் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் குயின்ஸ் பார்க் பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் தோற்றது. 1890-ல் ஸ்காட்டிஷ் லீக் வந்தபோது, இது சம்பள ஆட்டத்தில்தான் போய் முடியும் என்று சேர மறுத்தார்கள். சொன்னது நடந்தது. 1893-ல் ஸ்காட்லாந்திலும் சம்பளம் சட்டமானது. அதே 1893-ல் செல்டிக்கை 2-1 என்று வென்று பத்தாவது ஸ்காட்டிஷ் கோப்பையை வாங்கினார்கள். அதுதான் கடைசி. அதற்கப்புறம் அந்தக் கோப்பை இவர்கள் பக்கம் வரவேயில்லை. லீகிலும் 1900-ல் சேர்ந்துவிட்டார்கள்.

இதை வெறும் தியாகக் கதையாகப் பார்க்க எனக்கு மனசு வரலை. சும்மா ஆட, சோத்துக்கு வேற வழி இருக்கணும் இல்லையா? இவர்களின் ஆண்ட்ரூ வாட்சனை எடுத்துக்கோங்க. பிரிட்டிஷ் கயானாவில் பிறந்த கறுப்பினத்தவர். 1881-ல் லண்டனில் இங்கிலாந்தை 6-1 என்று துவைத்த ஸ்காட்லாந்து அணிக்குத் தலைவர். அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அவருக்கு அப்பாவின் சொத்து இருந்தது. சுரங்கத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் வந்த பையனுக்கு அது கிடையாது. எங்க துறையில் ராத்திரி கண்முழித்து ஓப்பன் சோர்ஸுக்கு கோட் எழுதுபவர்களும் பகலில் எங்கேயோ சம்பளம் வாங்குகிறார்கள் :-)

இன்னொரு கூத்து, ஹேம்ப்டன் பார்க். 1903-ல் இவர்கள் திறந்த மைதானம். 1950-ல் பிரேசிலின் மரக்கானா வரும்வரை உலகிலேயே பெரியது. 1937-ல் ஸ்காட்லாந்து - இங்கிலாந்து ஆட்டத்துக்கு 1,49,415 பேர். அதே இடத்தில் சொந்தக்காரர்களின் கீழ்ப்பிரிவு லீக் ஆட்டத்துக்குச் சில நூறு பேர். கல்யாண மண்டபத்தில் ரெண்டு பேர் உட்கார்ந்து கேரம் ஆடுற மாதிரி.

அப்படியும் நல்ல ஆட்டக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பட்டறையில் தொழில் பழகிக்கொண்டே 1958-ல் பதினாறு வயதில் இங்கே முதல் ஆட்டம் ஆடிய பையன், பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட்டை ஆண்ட அலெக்ஸ் ஃபெர்குசன். உடம்பு சின்னது என்று செல்டிக் கழற்றிவிட்ட ஆண்டி ராபர்ட்சன், 2012-13-ல் இங்கே சும்மா ஆடினார். ஆறு வருஷம் கழித்து லிவர்பூலுக்காக சாம்பியன்ஸ் லீக் கோப்பை தூக்கினார். ஒப்பந்தமில்லாத அமெச்சூர் என்பதால் இப்படி வளர்த்த பசங்களை மற்ற கிளப்கள் கொத்திக்கொண்டு போனால், இவர்களுக்கு நியாயமான ஈடுகூடக் கிடைக்காது.

2019 நவம்பரில் உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டு அமெச்சூர் விதியை எடுத்துவிட்டார்கள். 2020-ல் ஹேம்ப்டனும் 50 லட்சம் பவுண்டுக்கு ஸ்காட்லாந்து கால்பந்து சங்கத்துக்குக் கைமாறியது. செய்தி படித்தபோது எனக்கு என்னவோ போலத்தான் இருந்தது. ஆனா என்கிட்ட ஓட்டு இருந்திருந்தா நானும் 'சரி' பக்கம்தான் குத்தியிருப்பேன்.

கொசுறு: 2025 பிப்ரவரி 9, ஸ்காட்டிஷ் கோப்பை. ரேஞ்சர்ஸின் சொந்த மைதானமான ஐப்ராக்ஸிலேயே போய் 1-0 என்று அவர்களைக் கவிழ்த்தது குயின்ஸ் பார்க். கடைசி நிமிஷங்களில் ரேஞ்சர்ஸுக்குப் பெனால்டி கிடைத்தது. கோல்கீப்பர் கேலம் ஃபெர்ரி பாய்ந்து தடுத்துவிட்டார். ஆமா, சம்பளம் வாங்கும் கோல்கீப்பர்தான்.