குட்டி எடுப்பதும் கணக்கு வைப்பதும்

பிரெஞ்சில் 'எல்வே' என்றொரு வினைச்சொல் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு அது பழகிய சொல். பிள்ளையை வளர்த்து ஆளாக்குவதற்கும் அதே சொல். ஆடு, மாடு, நாயைக் குட்டி எடுத்து விருத்தி செய்வதற்கும் அதே சொல். அடக்கமான பிள்ளையை 'பியேன் எல்வே' என்று பாராட்டுவார்கள். நாய்க்குட்டி எடுப்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு 'எல்வேர்' என்று பெயர். நாம் 'கிராஸிங் போடுறது' என்கிறோம். இந்தப் பேச்சில் சேர்க்கை இருக்கிறது, வளர்ப்பு இல்லை.

பெருமுக்கல், மரக்காணம் பக்கம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் வளர்க்கிற வீடுகள் இப்போது கூடியிருக்கின்றன. "ஐயா, பெட்டைக்கு ரெண்டு வயசு ஆவுது, ஒரு ஈத்து எடுக்கலாமா?" என்ற கேள்வியும் கூடியிருக்கிறது. கேட்பவர்கள் நாளைக் கேட்கிறார்கள், குட்டிக்கு என்ன விலை போகும் என்று கேட்கிறார்கள். அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. நம் நாட்டு நாய்களின் வரலாற்றைப் புரட்டினால் அது என்னவென்று விளங்கும்.

நம் பெருமுக்கல் மலைக்குகையில் பழைய பாறைக் கீறல்கள் இருப்பது இந்தப் பக்கத்தவர் அறிந்ததே. ஆனால் நாய் ஒன்றுக்கு எழுத்தில் சான்று வேண்டுமென்றால் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூருக்குப் போக வேண்டும். அங்கே ஒரு நடுகல் நிற்கிறது. காலம் 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. நம் மாவட்டத்து மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த அதே மகேந்திரவர்ம பல்லவன் ஆண்ட காலம். கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு நாயின் உருவமும் இருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற செய்தி கல்லில் எழுத்தாக வெட்டப்பட்டிருக்கிறது. 1,400 ஆண்டுக்கு முன் ஒரு நாய்க்குப் பெயரும் பதிவும் இருந்தன. செய்த வேலைக்காகத்தான் அந்தப் பதிவு. அதன் நிறத்தைப் பற்றியோ பரம்பரையைப் பற்றியோ பேச்சில்லை.

பின்னால் வந்த தென்னாட்டு நாய்களும் வேலையால் உருவானவையே. காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் ராஜபாளையம். முயலை ஓட்டிப் பிடிக்கச் சிப்பிப்பாறையும் கன்னியும். தேனிப் பக்கம் கோம்பை. ஜமீன்களிலும் குடியானவர் வீடுகளிலும் இவற்றை வளர்த்தவர்கள் பதிவேடு ஏதும் வைக்கவில்லை. எந்த வீட்டு நாய்க்கு எந்த ஊர் நாய் தகப்பன் என்பது பெரியவர்கள் ஞாபகத்தில் இருந்தது. ஓடாத நாய்க்கும் காது கேளாத நாய்க்கும் வேட்டையில் இடமில்லை. ஆகவே அவற்றிடம் யாரும் குட்டி எடுக்கவில்லை. தேர்வு அதன் போக்கில் நடந்தது.

சட்டங்கள் மாறியபோது இந்த ஏற்பாடு குலைந்தது. 1948-இல் வந்த சட்டத்தால் ஜமீன்கள் போயின. 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை குற்றமாயிற்று. இரண்டும் வேண்டிய சட்டங்கள்தான். ஆனால் நாய்க்கு வேலை போய்விட்டது. வேலை போனதும் எதை வைத்து நல்ல நாயைத் தேர்வது? கண்ணுக்குத் தெரிவது உருவமும் நிறமும்தான். ராஜபாளையம் என்றால் பால்வெள்ளையும் ரோஜா நிற மூக்கும் என்று ஆயிற்று.

உருவத்தை வைத்து நாயைத் தேர்வது ஐரோப்பாவில் முன்பே தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 1859-இல் நியூகாசிலிலும், பிரான்சில் 1863-இல் பாரிசிலும் நாய்க் கண்காட்சிகள் நடந்தன. லண்டனில் 1873-இல் கென்னல் கிளப் பிறந்தது. பிரான்சில் 1885-இல் நாய்களுக்கென்று வம்சப் பதிவேடு திறந்தார்கள். புதுச்சேரிக்காரர்களுக்குப் பழக்கமான 'எத்தா சிவில்' பதிவுபோல, நாய்க்கும் பிறப்பு, தாய், தகப்பன் எல்லாம் அதில் ஏறும். 1926 முதல் இன்னொரு ஏற்பாடும் உண்டு. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எழுத்து; அந்த ஆண்டு பிறந்த குட்டிகளின் பெயர் அந்த எழுத்தில் தொடங்க வேண்டும். பெயரைக் கேட்டாலே நாயின் வயது தெரியும். கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு இது மிகப் பிடித்த ஏற்பாடு.

ஆனால் பதிவேடு இருந்தால் மட்டும் போதாது என்பதையும் அதே ஐரோப்பா காட்டியது. ஏட்டில் உள்ள நாய்களுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்க்கை நடந்தது. பரிசு வாங்கிய ஒரே ஆண் நாயை ஊரெல்லாம் தேடியது. முகம் தட்டையாக வேண்டும், தலை பெரிதாக வேண்டும் என்று தேர்ந்துகொண்டே போனார்கள். 2010-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வின்படி புல்டாக், பிரெஞ்சு புல்டாக் இனங்களில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட பிரசவங்கள் அறுவைச் சிகிச்சையில்தான் நடந்தன. தானாகக் குட்டி ஈன முடியாத நாயை மனிதன் உண்டாக்கிவிட்டான்.

நம் ராஜபாளையத்துக்கு வந்த கேடு செவிட்டுத்தன்மை. வெள்ளைக்கும் செவிட்டுக்கும் என்ன உறவு என்று பலர் கேட்கிறார்கள். தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உட்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் நரம்பணுக்கள் பட்டுப்போகும். பிறகு அவை திரும்ப வருவதில்லை. வெள்ளை கூடக் கூட அந்த அபாயமும் கூடுகிறது. வெள்ளையில் புள்ளி போட்ட டால்மேஷியனை அமெரிக்காவில் சோதித்தபோது, ஏறக்குறைய 30 விழுக்காடு நாய்களுக்கு ஒரு காதாவது கேட்கவில்லை.

இதோடு நெருங்கிய உறவில் சேர்க்கையும் கூடினால் கேடு பெருகும். இதை அலுவலக வழக்கில் சொல்கிறேன். ஒவ்வொரு குட்டிக்கும் மரபுக் குறிப்புகள் இரண்டு பிரதியாக வருகின்றன, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்றில் எழுத்துப்பிழை இருந்தாலும் மற்றது காப்பாற்றும். தாயும் தகப்பனும் அண்ணன் தங்கையானால், அந்தக் குறிப்புகளில் 25 விழுக்காடு வரை ஒரே கடிதத்தின் இரண்டு நகலாக வந்துசேரும். பிழை இருந்தால் இரண்டிலும் அதே பிழை. தாய் மகன், தகப்பன் மகள் சேர்க்கைக்கும் இதே 25 தான். ஒன்றுவிட்ட உறவில்கூட 6 விழுக்காட்டுக்கு மேல். நல்ல ஜோடி பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது என்று மகிழ்கிறவர்கள், இரண்டும் ஒரே ஈத்தில் வந்தவையா என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

அரசும் முயன்று பார்த்தது. 1980-81-இல் சென்னை சைதாப்பேட்டையில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இனங்களைக் காக்க நாய் இனப்பெருக்கப் பிரிவு தொடங்கப்பட்டது. பல்லாண்டு அங்கே வரிசையில் நின்று குட்டி வாங்கியவர்கள் உண்டு. பின்னாளில் நாய்களின் நிலை குறித்து விலங்கு நல ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம் அந்தப் பிரிவு மூடப்பட்டதில் முடிந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் நான்கு சுவருக்குள் அடைத்த சில நாய்களை வைத்து ஓர் இனத்தைக் காப்பது எளிதல்ல. ஊர் ஊராகப் பல வீடுகளில், பல கிளைகளாக இருந்தால்தான் இனம் தழைக்கும்.

இதற்கிடையே நாட்டு நாய்க்கு மதிப்பும் வந்தது. 2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம் அதில் ஒன்று. அஞ்சல் துறையில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்ற தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 2020 ஆகஸ்ட் 30-ஆம் தேதி பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை பெயர்களைச் சொன்னார். பிறகு கிராக்கி ஏறியது. கிராக்கி ஏறும்போதுதான் பயம். ஆண்டுக்கு இரண்டு ஈத்து, ஆறே வாரத்தில் விற்பனை என்று நடத்துகிறவர்கள் முளைத்துவிடுகிறார்கள்.

இதை ஒழுங்கு செய்யவே 2017 மே மாதம் மத்திய அரசு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளைக் கொண்டுவந்தது. தொழிலாகச் செய்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் நிறைந்திருக்க வேண்டும்; 8 வயதுக்கு மேல் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. வாழ்நாளில் 5 ஈத்துக்கு மேல் கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விதி தொழில்காரருக்கு என்று வீட்டில் வளர்ப்பவர் ஒதுக்கிவிட வேண்டாம். நாயின் உடம்புக்குத் தொழில்காரர் வீடும் நம் வீடும் ஒன்றுதான்.

சரி, ஈத்து எடுக்கலாமா? நான் கேட்கச் சொல்கிற முதல் கேள்வி இது: இந்த நாயிடமிருந்து அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டியது என்ன? நல்ல உடம்பு, இரண்டு காதும் கேட்கும் திறன், நிதானமான குணம், தெரிந்த பரம்பரை நான்கும் இருந்தால் அந்த நாய் குட்டி ஈனுவது இனத்துக்கே சேவை. அப்படிப்பட்ட நாட்டு நாயை வீணாக்கக் கூடாது. 'அழகாக இருக்கிறது', 'ஆசையாக இருக்கிறது' என்பவை போதா. ஒரு தடவை குட்டி போட்டால்தான் பெட்டையின் உடம்புக்கு நல்லது என்கிறார்களே, அதற்கு மருத்துவ ஆதாரம் கிடையாது.

அடுத்தது குட்டிகளின் கணக்கு. சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். பிறகு 8 வாரம் குட்டிகள் நம்மிடம் இருக்க வேண்டும். பால் கொடுக்கும் காலத்தில் தாய் வழக்கத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சாப்பிடும். இரண்டாம் வாரத்திலிருந்து குடற்புழு மருந்து, ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முதல் தடுப்பூசி. ஆக நான்கு மாதம் வீட்டில் ஒருவர் இதே வேலையாக இருக்க வேண்டும். ஆறு குட்டி பிறந்தால் ஆண் குட்டிகளுக்கு ஆள் வருவார்கள். பெட்டைக் குட்டிகளுக்கு? உப்பளத்துப் பக்கம் சாலையோரம் கண் திறந்தும் திறவாமலும் சாக்கில் கிடப்பவை பெரும்பாலும் பெட்டைகளே. பிழைத்த மூன்று பெட்டைகள் ஆளுக்கு ஆறு ஈன்றால் அடுத்த சுற்றில் 18. தெருநாய் பெருகிவிட்டது என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் கணக்கின் முதல் வரி யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் எழுதப்பட்டது.

ஆகவே சேர்க்கைக்கு முன்பே எல்லாக் குட்டிக்கும், குறிப்பாகப் பெட்டைகளுக்கு, வீடு பேசி வைக்க முடியாவிட்டால் எடுக்காமலிருப்பதே முறை. அப்படி முடிவு செய்தவர்கள் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை அறுவை செய்துவிடலாம். வயதான பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் அதனால் தவிரும். கண்ட நாயோடு சேர்ந்தால் கலவியால் பரவும் புற்றுக்கட்டி வரும்; நம் நாட்டில் அது சாதாரணமாகக் காணப்படும் நோய். ஊசி மருந்தில் குணமாகும் என்றாலும் வராமல் காப்பதே மேல்.

எடுப்பது என்று முடிவு செய்தவர்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் தாய், தகப்பன், அவற்றின் தாய் தகப்பன், எந்த ஊர், யார் வீடு. அடுத்து சேர்ந்த தேதி, ஈன்ற தேதி, எத்தனை குட்டி, செத்தது எத்தனை. ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பார்த்து, காது கேட்கிறதா என்று குறியுங்கள். ஒரு காது மட்டும் செவிடானால் இந்தச் சோதனையில் தெரியாது. சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். செவிட்டுக் குட்டி பிறந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். அதே ஜோடியை மறுபடி சேர்க்காதீர்கள். கடைசிப் பக்கத்தில் குட்டிகள் போன வீடுகளின் விலாசம். இரண்டு ஆண்டு கழித்து அந்த வீட்டிலிருந்து ஒருவர் ஆண் நாயோடு உங்கள் வாசலில் வந்து நின்றால், சேர்க்கலாமா கூடாதா என்பதை அந்த நோட்டு சொல்லிவிடும்.