தலைநகரில் தங்கும் செலவு: ஒன்றிய அரசின் மாணவர் உள்ளகப் பயிற்சித் திட்டங்கள் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

புதுதில்லியில் உள்ள அமைச்சகங்களும் ஆணையங்களும் கல்லூரி மாணவர்களைச் சில வாரங்கள் முதல் ஆறு மாதங்கள் வரை தம் அலுவலகங்களில் சேர்த்துப் பயிற்சி தருகின்றன. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அத்திட்டங்களை மட்டுமே. நிதி ஆயோக், வெளியுறவு அமைச்சகம், மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஆகிய மூன்றின் விதிமுறைகள் விரிவாகப் பார்க்கப்படும். மற்றவை போகிற போக்கில் வரும்.

2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் உள்ளகப் பயிற்சித் திட்டம் இந்த ஆய்வில் சேராது. அது நாட்டின் 500 பெரிய நிறுவனங்களில் இளைஞர்களுக்கு இடம் பிடித்துத் தரும் திட்டம். முழுநேரப் படிப்பில் இருப்பவர் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது. ‘இன்டர்ன்ஷிப்’ என்றதும் கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகள் இரண்டையும் ஒரே சுற்றறிக்கையில் கட்டி அனுப்பிவிடுவதால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இத்திட்டங்களைப் பற்றிய பேச்செல்லாம் உதவித்தொகை உண்டா, இல்லையா என்பதோடு நின்றுவிடுகிறது. அந்தக் கேள்வி போதாது என்பதே என் வாதம். தில்லியில் சொந்த வீடோ, மாமா வீடோ இல்லாத மாணவருக்கு உண்மையான தகுதித் தேர்வு தங்குமிடம்தான். அந்தத் தேர்வை எந்த அமைச்சகம் நீக்கியிருக்கிறது, எது அப்படியே விட்டுவைத்திருக்கிறது என்று பார்த்தால்தான் திட்டத்தின் தரம் தெரியும்.

2. சட்டம் எங்கே நிற்கிறது

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் ஆலைகளையும் நிறுவனங்களையும் நோக்கி ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: பழகுநரை வைத்துக்கொண்டால் அரசு விதித்த குறைந்தபட்சத் தொகைக்குக் குறையாமல் மாதாமாதம் கொடுக்கவேண்டும். 1973-ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயப் படிப்பு முடித்தவர்களையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்தது. பழகுநர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவர் என்றும் அதே சட்டம் கூறுகிறது. பயிற்சி என்பதாலேயே காசு கொடுக்காமல் இருக்கலாம் என்ற வாதத்தை அச்சட்டம் 60 ஆண்டுகளுக்கு முன்பே மூடிவிட்டது.

தனியாருக்கு இவ்வளவு கறாராகச் சொன்ன அரசு, தன் சொந்தக் கட்டடங்களில் பயிற்சி பெறும் மாணவரை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரவில்லை. அவருடைய நிலையைத் தீர்மானிப்பது ஒவ்வொரு அமைச்சகமும் தானே எழுதி வெளியிடும் வழிகாட்டு நெறிகள். ஒரு செயலாளர் மாறினால் நெறிகளும் மாறலாம். உதவித்தொகை ஓரிடத்தில் பூஜ்யம், மற்றோரிடத்தில் 20,000 ரூபாய் என்று சிதறிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

ஒரு பாதுகாப்பு மட்டும் எல்லா இடத்துக்கும் பொது. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஊழியர் என்பதற்குத் தரும் விளக்கத்தில் ஊதியமின்றி வேலை செய்பவரையும் பயிற்சி பெறுபவரையும் சேர்த்திருக்கிறது. ஆகவே அமைச்சகத்தில் சேர்ந்த முதல் நாளே ஒரு மாணவி உள்ளகப் புகார்க் குழுவிடம் போக உரிமை உடையவர். சேர்க்கைக் கடிதத்தோடு இதையும் ஒரு வரியில் அச்சிட்டுக் கொடுப்பதில் எந்தச் சிரமமும் இல்லை.

3. மூன்று கணக்குகள்

நிதி ஆயோக்கின் திட்டம் இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் பத்து நாள் இணையவழி விண்ணப்பம். குறைந்தது ஆறு வாரம், அதிகம் ஆறு மாதம். உதவித்தொகை கிடையாது. மடிக்கணினியும் மாணவரே கொண்டுவரவேண்டும். உட்கார இடமும் இணைய இணைப்பும் ஆயோக் தரும். சன்சத் மார்க்கில் இருக்கும் அந்த அலுவலகத்துக்கு லட்சுமி நகரிலிருந்து மெட்ரோவில் வரும் தில்லிப் பல்கலைக்கழக மாணவிக்கு இது ஏறக்குறைய இலவசம். தென்காசியிலிருந்து வருபவருக்கு ஆறு வார அறை வாடகை, அதற்கு முன்பணம், சாப்பாடு, போகவர ரயில் கட்டணம் என்று எல்லாம் கைப்பணம். ஒரே விதிமுறை இரண்டு பேரிடம் இரண்டு விலை கேட்கிறது.

வெளியுறவு அமைச்சகம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. இடங்களை மாநிலவாரியாகப் பகிர்கிறது. பின்தங்கியவை எனக் கண்டறியப்பட்ட முன்னேற விழையும் மாவட்டங்களின் மாணவர்களுக்கு முன்னுரிமை தருகிறது. 30 விழுக்காடு பெண்களுக்கு என்கிறது. மாதம் 10,000 ரூபாயும், சொந்த ஊரிலிருந்து தில்லிக்குப் போய்வரச் சாதாரண வகுப்பு விமானக் கட்டணமும் உண்டு. தங்குமிடத்தை மட்டும் மாணவரே பார்த்துக்கொள்ளவேண்டும். விமானத்தில் அழைத்து வந்து, இறங்கியதும் “அறையை நீயே தேடிக்கொள்” என்று சொல்லும் விசித்திரமான விருந்தோம்பல் இது. தில்லியில் இரண்டு மாதத்துக்கு மட்டும் அறை கொடுக்கும் வீட்டுக்காரர்கள் குறைவு. கொடுப்பவர்களும் மொழி தெரியாத புதியவரிடம் கூட்டித்தான் கேட்பார்கள். 10,000 ரூபாயில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும்.

மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் இரண்டு மாதத் திட்டம் கேள்வியை வேறு முனையிலிருந்து பிடிக்கிறது. பெருநகரங்களுக்கு வெளியே உள்ள ஊர்களையும் கிராமங்களையும் சேர்ந்த, 21 முதல் 40 வயது வரையிலான பெண்களுக்கே இது. மாணவியரோடு ஆராய்ச்சியாளர்கள், ஆசிரியர்கள், சமூகப் பணியாளர்களும் சேரலாம். மாதம் 20,000 ரூபாய், மூன்றடுக்குக் குளிர்வசதிப் பெட்டி வரையிலான பயணச் செலவு, இவற்றோடு தில்லியில் பகிர்ந்து தங்கும் விடுதி அறை. மற்ற இரண்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த அறைதான். மகளை அனுப்பலாமா என்று யோசிக்கும் ஒரு பெற்றோர் முதலில் கேட்பது “சம்பளம் எவ்வளவு” என்றல்ல, “எங்கே தங்குவாள்” என்றுதான். அந்தக் கேள்விக்கு விண்ணப்ப அறிவிக்கையிலேயே பதில் எழுதிய அமைச்சகம் இது. திட்டம் சிறியது, பேசப்படுவதும் இல்லை. வடிவமைப்பில் மூன்றில் சிறந்தது இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை.

4. வேறு வடிகட்டிகள்

பணத்துக்கு அடுத்தது மதிப்பெண். இளநிலை மாணவர் இரண்டாம் ஆண்டை முடித்திருப்பதோடு, பன்னிரண்டாம் வகுப்பில் 85 விழுக்காடு பெற்றிருக்கவேண்டும் என்பது நிதி ஆயோக்கின் விதி. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இது 600-க்கு 510. பதினேழு வயதில் எழுதிய தேர்வு, கல்லூரியில் இரண்டு ஆண்டு பொருளாதாரம் படித்தபிறகும் ஒருவரைத் துரத்துகிறது. கல்லூரி மதிப்பெண்ணைக் கேட்டிருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது நாட்காட்டி. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் இரட்டைப்படைப் பருவத் தேர்வு மே மாதம் வரை இழுத்துக்கொண்டு போகிறது. ஜூனில் அடுத்த ஆண்டு தொடங்கிவிடும். இடையில் ஆறு முழு வாரம் கிடைப்பது அரிது. கல்லூரித் தலைமையின் தடையின்மைச் சான்று கட்டாயம் என்பதால், வருகைப் பதிவைக் காரணம் காட்டி ஒரு துறைத்தலைவர் கையெழுத்திட மறுத்தால் கதை அங்கேயே முடிந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட, மதிப்பலகுக் கட்டமைப்பு உள்ளகப் பயிற்சிக்கு 2 முதல் 4 மதிப்பலகுகள் தருகிறது. 30 மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 120 மணி நேரம் போதும். தில்லியில் ஆறு வாரம் முழுநேரம் உட்கார்ந்தால் அதன் இரு மடங்கு ஆகிறது. மிகுதி மணிநேரத்துக்குப் பாடத்திட்டத்தில் மதிப்பில்லை.

மொழியையும் இங்கே சொல்லலாம். 1976-ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் இந்தியா முழுவதற்கும் பொருந்தும், தமிழ்நாடு நீங்கலாக என்று அவற்றின் முதல் விதியே கூறுகிறது. அந்த விதிவிலக்கிலிருந்து கிளம்பும் மாணவர் போய் இறங்குவது இந்திக்கு முதலிடம் தரும் ‘அ’ மண்டலத்தில். குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆனால் மதிய உணவு நேரத்தில் நடக்கும் பேச்சு, கூட்டத்துக்குப் பிந்தைய கிசுகிசு, பிரிவு அலுவலரின் கிண்டல் எல்லாம் இந்தியில் நடக்கும். அலுவலகத்தைக் கற்றுக்கொள்வது பாதி அங்கேதான்.

5. மேசையில் என்ன கிடைக்கிறது

ஒன்றிய அரசின் கோப்பு பிரிவு அலுவலர், சார்புச் செயலாளர், துணைச் செயலாளர் அல்லது இயக்குநர், இணைச் செயலாளர் என்று படியேறும். இன்று அது மின்–அலுவலக மென்பொருளில் நகர்கிறது; உள்நுழைய அரசுக் கணக்கு வேண்டும். பயிற்சி மாணவர் இரகசியம் காக்க உறுதி எழுதிக் கொடுத்தாலும் கோப்பு அவர் கண்ணில் படுவது அரிது. அவருக்கு வருவது மாநிலத் திட்டங்களை ஒப்பிட்டு அட்டவணை போடுவது, பழைய அறிக்கைகளைச் சுருக்குவது, இணைச் செயலாளர் உரைக்கு ஸ்லைடு தயாரிப்பது போன்றவை. இவற்றை இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் பாதி வேலையை மதுரையிலிருந்தே செய்து மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றால், தில்லிக்கு வரச்சொல்வதன் நியாயத்தை அமைச்சகம்தான் காட்டவேண்டும்.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் அந்த நியாயத்தைக் காட்டுகிறது. கோடையிலும் குளிர்காலத்திலும் நடக்கும் அதன் ஒரு மாதப் பயிற்சியில் மாணவர்களைத் திகார் சிறை போன்ற இடங்களுக்கு நேரில் அழைத்துச் செல்கிறார்கள். குழுவாக ஆய்வும் எழுதவைக்கிறார்கள். அரசுக்கு வெளியே, பிஆர்எஸ் சட்டமன்ற ஆய்வு நிறுவனம் 2010-இல் தொடங்கி நடத்திவந்த ‘லாம்ப்’ ஆய்வுப்பணி இன்னும் ஒரு படி மேலாக இருந்தது. ஓர் இளம் பட்டதாரி ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு, மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்கி நிதிநிலைக் கூட்டத்தொடர் வரை, ஏறத்தாழ 11 மாதம் மாதத்தொகையுடன் பணிபுரிந்தார். கேள்விகளுக்கு வரைவு எழுதினார். மசோதா விவாதத்துக்குக் குறிப்பு திரட்டினார். தான் எழுதியது அவையில் ஒலிப்பதைக் கேட்டார். அவையை ஒட்டி நடக்கும் இந்த வேலைக்குத் தில்லியில் இருந்தே தீரவேண்டும்.

6. வாஷிங்டன் ஒப்பீடு

இலவச உழைப்பு பற்றி அமெரிக்கத் தலைநகரின் வரலாறு ஒரு பாடம் தருகிறது. அரசுத் துறைகள் யாரிடமும் சும்மா வேலை வாங்கக்கூடாது என்று அந்நாட்டுக் காங்கிரஸ் 1884-லேயே தடை விதித்தது. எழுத்தர்கள் கூடுதல் நேரம் இலவசமாக வேலை செய்ததாகக் காட்டிவிட்டு, பிறகு ஊதியம் கேட்டு வந்து நின்றதே காரணம். 1978-ஆம் ஆண்டுக் குடிமைப்பணிச் சீர்திருத்தச் சட்டம் மாணவர்களுக்காக அந்தத் தடையில் ஒரு கதவைத் திறந்தது: கல்லூரி அனுமதியோடு, எந்த ஊழியரின் இடத்தையும் பறிக்காமல், ஊதியமின்றி வேலை செய்யலாம். 1995 நவம்பரில் நிதி ஒதுக்கீடு இல்லாமல் அரசு முடங்கி, வெள்ளை மாளிகை ஊழியர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, ஊதியமில்லாத பயிற்சி மாணவர்கள் அவர்கள் வேலையைப் பார்த்தார்கள்.

திருத்தம் வெகு தாமதமாக வந்தது. 2019 நிதியாண்டுக்குப் பிரதிநிதிகள் சபை 88 லட்சம் டாலரும் செனட் 50 லட்சம் டாலரும் பயிற்சி மாணவர் ஊதியத்துக்கென ஒதுக்கின. சபை உறுப்பினர் ஒவ்வொருவர் அலுவலகத்துக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் என வரம்பு வைக்கப்பட்டது. வெள்ளை மாளிகை 2022 இலையுதிர்காலக் குழுவிலிருந்து வாரம் 750 டாலர் கொடுக்கத் தொடங்கியது. நிதிநிலை அறிக்கையில் தனித் தலைப்பு இருப்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. நிர்வாக நெறியாக இருக்கும் உதவித்தொகையை ஒரு சுற்றறிக்கை நிறுத்திவிடும். சட்டத்தால் ஒதுக்கப்பட்ட தொகையை நிறுத்த அவையில் நின்று பேசவேண்டும்.

7. தமிழ்நாட்டின் கையில் இருப்பது

ஒன்றிய அமைச்சகங்கள் எல்லாம் விடுதி கட்டும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ் தமிழ்நாடு அரசு 2023 முதல் குடிமைப்பணித் தேர்வுக்குத் தயாராகும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதமும், முதல்நிலைத் தேர்வில் வென்றவர்களுக்கு 25,000 ரூபாயும் தருகிறது. அரசு எப்படி இயங்குகிறது என்பதைத் தேர்வுப் புத்தகத்தில் படிப்பவருக்குப் பணம் உண்டு. அதன் அலுவலகத்திலேயே உட்கார்ந்து பார்க்க அழைப்பு பெற்றவருக்கு இல்லை.

ஒன்றிய அமைச்சகத்தில் இடம் பெற்ற 100 மாணவர்களுக்கு, மாதம் 20,000 ரூபாய் வீதம் இரண்டு மாதம் கொடுத்தால் ஆண்டுக்கு 40 லட்சம் ஆகும். சேர்க்கைக் கடிதத்தையும் கல்லூரிச் சான்றையும் தவிர வேறு தேர்வு வைக்கவேண்டியதில்லை; தேர்ந்தெடுக்கும் வேலையை அமைச்சகமே செய்துவிட்டது. பணத்தோடு, குழுவாகத் தங்க ஒரு விடுதியை ஒப்பந்தத்தில் எடுப்பது இரண்டாவது வேலை. நீண்ட காலப் பயிற்சிகள் ஜனவரி–ஜூன் பருவத்தில் அமையுமாறு இறுதியாண்டுத் திட்டப்பணியை அதற்கு ஈடாக ஏற்றுக்கொள்ளப் பல்கலைக்கழகங்களின் கல்விக் குழுக்கள் தீர்மானம் போடவேண்டும். அதற்குக் காசே செலவில்லை.