பெட்டியும் ஃபிலிமும்

ஆஸ்கர் பார்னக்குக்கு ஆஸ்துமா. மலைப்பாதையில் நடந்து படம் எடுக்க ஆசை, ஆனா அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடு கேமராவைத் தூக்கிக்கொண்டு ஏற மூச்சு இடம் கொடுக்காது. ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில், நுண்ணோக்கி செய்யும் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த அவர், சினிமா ஃபிலிமின் இரண்டு சட்டகங்களைச் சேர்த்து 24x36 மில்லிமீட்டரில் ஒரு படம் எடுக்கும் சின்னப் பெட்டியை 1913-14 வாக்கில் செய்துபார்த்தார். சின்ன நெகட்டிவ், பெரிய பிரிண்ட். அவ்வளவுதான் யோசனை. நடுவில் உலகப்போர் வந்தது. 1925இல்தான் லைப்ஸிக் சந்தையில் அது ‘லைக்கா’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

ஃபிலிமில் படம் எடுக்கிறவர்கள் பயணத்துக்காக ஒரு டிஜிட்டல் கேமரா தேடும்போது ஏன் இவ்வளவு குழம்புகிறார்கள் என்பதற்கான பதில், பார்னக்கின் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதாவது, உள்ளே ஒன்றுமில்லை. வெளிச்சம் புகாத ஓர் இருட்டு, ஒரு ஷட்டர், குறிபார்க்க ஒரு சன்னல். படத்தின் நிறமும் துகளும் ஃபிலிமில் இருந்தன, கூர்மை லென்ஸில் இருந்தது. ஃபிலிமையோ 36 படத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளலாம். 1960இல் வாங்கிய கேமராவில் 1990இல் வந்த வெல்வியாவைப் போட்டால், அந்தக் கேமராவுக்கும் 1990 பிறந்துவிடும்.

டிஜிட்டலில் சென்சாரைக் கழற்றி மாற்ற முடியாது. கடையில் நாம் வாங்குவது பெட்டியை மட்டும் இல்லை. அடுத்த பல வருடங்களுக்கான ஃபிலிமையும், அதைக் கழுவும் லேபில் பாதியையும் சேர்த்தே வாங்குகிறோம். மெகாபிக்சல் பட்டியலில் இது தெரியாது.

கோடாக்கில் ஸ்டீவ் சாசன் 1975இல் செய்த முதல் டிஜிட்டல் கேமராவில் 100x100 பிக்சல்கள்தான். ஒரு படத்தைக் கேசட் டேப்பில் எழுத 23 விநாடி பிடித்தது. 1991இல் அதே கோடாக், நிகான் எஃப்3 உடலில் சென்சாரைப் பொருத்தி டிசிஎஸ் என்று விற்றது. தெளிவு 1.3 மெகாபிக்சல். படங்களைச் சேமிக்கத் தனியாக ஒரு கனத்த பெட்டி, அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கணும். பார்னக் இறக்கிவைத்த சுமையை டிஜிட்டல் மறுபடி தோளில் ஏற்றியிருந்தது.

சுமை சீக்கிரமே குறைந்துவிட்டது. ஆனால் பெட்டி சிறுத்தபோது கையில் இருந்த முடிவுகள் மெனுவுக்குள் போய்விட்டன. அப்பெர்ச்சர் வளையம் இல்லை, ஷட்டர் திருகு இல்லை. கேமராவை ஆன் செய்யாமல் அது எந்த நிலையில் இருக்கிறது என்றே தெரியாது.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் பிரிண்டர் விற்கிற எப்சன் என்பது வேடிக்கை. கோசினா நிறுவனத்தோடு சேர்ந்து 2004இல் அது கொண்டுவந்த ஆர்-டி1, லைக்கா எம் லென்ஸ்களை ஏற்கும் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர். தெளிவு 6.1 மெகாபிக்சல். ஃபிலிமே இல்லாத அந்தக் கேமராவில் ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோல் இருந்தது. அலங்காரத்துக்கு இல்லை, ஷட்டரை இழுத்துத் தயாராக்க. பின்னாலிருக்கும் திரையை உள்பக்கமாகத் திருப்பி மூடிவிடலாம். மூடினால் ஃபிலிம் கேமரா மாதிரியே இருக்கும். சென்சார் மட்டும் சின்னது. 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறத்தாழ 53 போலப் பார்க்கும்.

அந்தச் சென்சாரைப் பெரிதாக்குவது ஏன் கடினம்? ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸின் பின்பகுதி ஃபிலிமுக்கு மிக அருகில் வரும். ஓரங்களில் வெளிச்சம் சாய்ந்து விழும். ஃபிலிமுக்கு அது பெரிய பிரச்சினை இல்லை, ஆனால் சென்சார் நேராக வரும் வெளிச்சத்தையே விரும்பும். 2006இல் லைக்கா எம்8 செய்தபோது சென்சாரின் மேலுள்ள கண்ணாடியை மெல்லியதாக்கினார்கள். விளைவு, அகச்சிவப்புக் கதிர்கள் உள்ளே நுழைந்து, கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் ஊதா கலந்து தெரிந்தன. வாங்கியவர்களுக்கு லென்ஸில் மாட்ட இரண்டு ஃபில்டர்களை லைக்கா இலவசமாகக் கொடுத்தது. ஃபிலிமில் இப்படி ஒரு குறை வந்தால் அடுத்த ரோலை மாற்றிப்போட்டு முடித்துக்கொள்வோம். இங்கே குறை பெட்டியோடு ஒட்டிப் பிறந்தது. 24x36 அளவு முழுசாகக் கிடைக்க 2009இல் எம்9 வரவேண்டியிருந்தது.

விலை நம் கைக்கு எட்டாத கதை அது. கொஞ்சம் எட்டுகிற கதை 2011இல் ஃபுஜிஃபிலிமிடம் தொடங்கியது. எக்ஸ்100இல் கழற்ற முடியாத ஒரே லென்ஸ், பார்வை 35 மில்லிமீட்டருக்குச் சமம். அந்த லென்ஸ் அந்தச் சென்சாருக்காகவே வரையப்பட்டதால் சாய்வு வெளிச்சச் சிக்கலை முன்கூட்டியே சமாளிக்க முடிந்தது. அப்பெர்ச்சர் லென்ஸிலும் ஷட்டர் மேல்தட்டிலும் திரும்பி வந்தன. பிரோவியா, வெல்வியா, ஆஸ்டியா என்று தன் ஃபிலிம்களின் பெயரையே நிறத் தேர்வுகளுக்கு வைத்தது. ஆரம்பத்தில் அதன் ஆட்டோஃபோகஸ் மெதுவானது, குறைகளும் நிறைய. பிறகு வந்த ஃபர்ம்வேர் அப்டேட்களில் பல சரியாயின. மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஃபிலிமை மாற்றிக்கொள்ளும் பழைய சுதந்திரத்தில் ஒரு சின்னப் பங்கு வேறு வழியில் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்தச் சாவி நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

ஃபிலிம் மட்டும் நம் கையிலா இருந்தது? ரகுபீர் சிங் இந்தியாவைப் படமெடுத்த கோடாக்ரோம், 1935இல் வந்து 2009இல் உற்பத்தி நின்றது. அதன் சிக்கலான வேதிமுறையை வீட்டில் செய்ய முடியாது. கடைசியில் உலகம் முழுவதற்கும் கான்சஸில் ஒரே ஒரு லேப். 2010 டிசம்பரோடு அதுவும் ரோல் வாங்குவதை நிறுத்தியது. கழுவாத ரோல் வைத்திருந்தவருக்கு அதன் நிறம் இனி இல்லை. இன்றைக்கு விமான நிலையங்களின் சிடி ஸ்கேனர்கள் வேறு ரோலில் மூட்டம் படியச் செய்கின்றன. பயணத்துக்கு டிஜிட்டல் எடுத்துப் போவதில் துரோகம் எதுவும் இல்லை.

ஆகவே கடையில் மூன்றே கேள்விகள். கேமராவை ஆன் செய்யாமலே அப்பெர்ச்சரையும் ஷட்டரையும் வைக்க முடிகிறதா? திரையை மறந்துவிட்டுக் குறிபார்க்க ஒரு சன்னல் இருக்கிறதா? அதன் ஜேபெக் நிறத்தோடு ஐந்து வருடம் வாழ முடியுமா? ரிக்கோ ஜிஆர் முதல் இரண்டிலும் தோற்கும். ஆனாலும் ஒற்றைக் கையில், பேன்ட் பையில் அடங்குவதால் பலருக்கு அதுவே போதும். பார்னக்கும் அதைத்தானே தேடினார்.

வாங்கியபின் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றணும். கலர் நெகட்டிவுக்கு வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், அதனால் நிழலைப் பார்த்து அளப்போம். டிஜிட்டலில் வெளுத்துப்போன வானம் வெளுத்ததுதான், அதைத் திரும்பப் பெற முடியாது. வெளிச்சமான பகுதியைப் பார்த்து அளக்கணும். ஸ்லைடு ஃபிலிம் எடுத்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.