உகரச் சுட்டும் ஒரு கடற்கரையும்

தருவைகுளத்தில் ஒரு கோடை முழுக்கத் தங்கியிருந்தபோது சில பையன்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். சம்பளத்துக்கல்ல, தங்க இடம் கொடுத்த வீட்டுக்காரரின் தாட்சண்யத்துக்காக. தூத்துக்குடிக்கு வடக்கே, ராமநாதபுரம் போகிற சாலையிலிருந்து கடலைப் பார்த்துத் திரும்பினால் வருகிற ஊர். நெல்லைச் சீமையில் தருவை என்றால் ஆழமில்லாமல் பரந்து கிடக்கிற நீர்நிலை. ஊர்ப்பெயரில் தருவையும் இருக்கிறது, குளமும் இருக்கிறது. ஊரின் ஜீவனம் மட்டும் கடலில். படகுகள் வலையோடு போனால் பல நாட்கள் கழித்துத்தான் திரும்பும்.

முதல் பாடம் எல்லா இங்கிலீஷ் வாத்தியாருக்கும் ஒன்றுதான். திஸ் என்றால் இது, தட் என்றால் அது. பையன்கள் ஐந்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார்கள். பன்மையில் கொஞ்சம் தடுமாறினார்கள். தீஸ், தோஸ் என்று சொல்லவேண்டிய இடத்தில் பேச்சுத் தமிழைப் போல ஒருமையையே போட்டார்கள். மற்றபடி கஷ்டமே இல்லை. பக்கத்தில் இருந்தால் ஒன்று, தள்ளி இருந்தால் ஒன்று. இரண்டுக்கு இரண்டு கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது சந்தேகப்பட வேண்டிய விஷயம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

இதே பாடத்தை ஸ்பானிஷ் தாய்மொழிக்காரனுக்கு நடத்தினால் முதல் நாளே இடறும். அவனிடம் மூன்று சுட்டுகள் இருக்கின்றன: எஸ்தே, எஸே, அகேல். எஸ்தே என்னிடத்தில் இருப்பது. எஸே உன்னிடத்தில் இருப்பது. அகேல் நம் இருவருக்கும் அப்பால் இருப்பது. மூன்று பெட்டிச் சாமானை அவன் இரண்டு பெட்டிக்குள் அடைத்தாக வேண்டும். எஸேயையும் அகேலையும் ஒன்றாகப் போட்டுத் தட் என்று மூடிவிடு என்று வாத்தியார் சொல்வார். ஆண்பால் பெண்பால் பேதம் ஒழிந்தது என்று ஒருபக்கம் சந்தோஷப்பட்டாலும், ‘உன் கையில் இருக்கிற அது’வும் ‘மலைக்கு அந்தப்புறம் இருக்கிற அது’வும் எப்படி ஒரே சொல்லாகும் என்ற குழப்பம் அவனுக்குச் சீக்கிரம் தீராது. இங்கிலீஷிலும் ஒரு காலத்தில் மூன்றாவது ஒன்று இருந்தது. அதைத் தமிழில் எழுதினால் ‘யான்’ என்று வரும், நம் தன்மைப் பெயர் போலவே. பொதுவழக்கில் அது செத்துப்போய்க் கவிதையிலும் சில வட்டாரங்களிலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

சுட்டு மூன்று என்பது நமக்குப் புதிய சமாசாரம் இல்லை. அ, இ, உ ஆகிய மூன்றும் சுட்டு என்று தொல்காப்பியம் நூன்மரபில் சொல்லிவிட்டது. எது எந்த இடத்துக்கு என்று அந்தச் சூத்திரம் சொல்லவில்லை; பெயர் சூட்டியதோடு நிறுத்திக்கொண்டது. நன்னூலும் மூன்றையும் சொல்கிறது. அகரம் சேய்மை, இகரம் அண்மை, உகரம் இரண்டுக்கும் நடு என்று அளந்து கொடுத்தது உரைமரபு. இந்த அளவுகோலை மனப்பாடம் செய்துதான் நாமெல்லாம் தேர்வு எழுதினோம்.

இந்த இடத்தில் எனக்கு உரைமரபோடு ஒரு சச்சரவு. சேய்மை, அண்மை, நடு என்று அளப்பவன் தனியாக நிற்கிற ஆள். அவனுக்கு முன்னால் யாரும் இல்லை. கையில் ஒரு முழக்கோல் மட்டும் இருக்கிறது. பேச்சு என்பதோ இரண்டு பேர் இருக்கிற இடம். கேட்கிறவனுக்கும் ஒரு பக்கம் உண்டு, அவன் காலடியிலும் பொருள்கள் கிடக்கும். உகரம் தூரத்தைக் குறித்ததா, கேட்பவனின் பக்கத்தைக் குறித்ததா? யாழ்ப்பாணத்தாரின் பேச்சைக் கவனித்தவர்களுக்கு விடை பாதி தெரியும். உது, உவன், உவர், உங்கை, உப்பிடி எல்லாம் அங்கே உயிரோடு இருக்கின்றன. ‘உதென்ன கையிலை?’ என்றால் உன் கையில் இருப்பது என்ன என்று அர்த்தம். ‘உப்பிடிச் சொல்லாதை’ என்றால் நீ இப்போது சொன்னாயே அப்படிச் சொல்லாதே என்று. நடுத்தூரம் என்ற அர்த்தமும் அங்கே புழங்கத்தான் செய்கிறது. ஸ்பானிஷிலும் எஸே தூரமா ஆளா என்று இலக்கணக்காரர்கள் இன்னும் கட்சி கட்டுகிறார்கள். நான் ஆள் கட்சி.

லத்தீன் இதற்கு ஒரு சாட்சி. அதில் ஹிக் என்னுடையது, இஸ்தே உன்னுடையது, இல்லே அப்பாலுள்ளது. வழக்காடுமன்றத்தில் எதிராளியைச் சுட்ட இஸ்தே உதவியதால் அந்தச் சொல்லில் ஒரு இளப்பம் ஏறிக்கொண்டது. யாழ்ப்பாணத்து ‘உவனோ?’வில் தொனிக்கிற இளப்பமும் ஏறக்குறைய அதுதான். கேட்பவன் பக்கத்துப் பொருள் என்றால் கொஞ்சம் சண்டைக்கும் இடமுண்டு போலிருக்கிறது. பின்னால் நடந்தது இன்னும் சுவாரசியம். மக்கள் பேசிய லத்தீனில் இஸ்தே இடம்பெயர்ந்து பேசுகிறவனிடம் போய்விட்டது. ஸ்பானிஷின் எஸ்தே அதிலிருந்து வந்ததுதான். ‘உன்’ இடம் காலியானது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. ‘தானே’ என்ற அர்த்தமுள்ள இப்ஸே என்ற சொல்லைத் தேய்த்து எஸே ஆக்கிக் காலியான நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கேட்பவனுக்கு இடம் வேண்டும் என்ற பிடிவாதம் ஒரு ஜனத்துக்கு இருந்திருக்கிறது.

இந்தப் பிடிவாதக்காரர்கள்தான் இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சேவியர் நவாராக்காரர். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், இந்த ஜனங்களின் தாய்மொழி மலபார், என்னுடையது பாஸ்க், அதனால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்று சொல்கிறார். மலபார் என்று அவர்கள் சொன்னது தமிழைத்தான். இரண்டு பாஷையும் தெரிந்தவர்களைச் சேர்த்துவைத்து, ஜெபங்களைத் தமிழாக்கி, அர்த்தத்துக்கு முன்னால் ஓசையை மனப்பாடம் செய்துகொண்டு ஊர் ஊராகப் போனார். பாஸ்க் மொழி ஸ்பானிஷுக்கு எந்த உறவும் இல்லாதது. அதிலும் சுட்டு மூன்று: ஹவ், ஹோரி, ஹுரா. நடுவில் இருக்கிற ஹோரி உன் பக்கத்தில் உள்ளது. ஒருவரை ஒருவர் புரியவில்லை என்று எழுதியவரின் தாய்மொழிக்கும் தொல்காப்பியத்துக்கும் இந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமை இருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

1554-இல் லிஸ்பனில் ஒரு சிறு ஜெபப்புத்தகம் அச்சாயிற்று. தமிழ், ரோமன் எழுத்தில், கூடவே போர்ச்சுகீசியம். அதற்குப் பாடுபட்டவர்கள் விசெந்தே தெ நாசரே, ஜொர்ஜே கர்வாலோ, தோமா த குரூஸ் என்ற மூன்று பேர். பெயர்கள்தான் அப்படி, மூவரும் இங்கிருந்து போன தமிழர்கள். தமிழ் வார்த்தைக்குப் போர்ச்சுகீசிய வார்த்தையை நேராக வைத்துப் பார்க்கிற காரியத்தை அவர்கள் லிஸ்பனில் உட்கார்ந்து செய்தார்கள்.

ஆனால் நான் நெருக்கமாக உணர்கிற ஆள் அண்ரீக்கே அண்ரீக்கஸ். 1520-இல் போர்ச்சுகலின் வில விசோசாவில் பிறந்து, 1546-இல் இந்தியா வந்து, மறுவருஷத்திலிருந்து இந்தக் கரையில் இருந்தவர். 1600-இல் புன்னைக்காயலில் இறந்து தூத்துக்குடியில் அடக்கமானார். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரே உப்புக் காற்று. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் பெயரைச் சொல்ல எல்லோருக்கும் உதவுகிறது. இந்திய எழுத்தில் அச்சான முதல் புத்தகங்களில் ஒன்று என்பதால். எனக்கு முக்கியம் அதற்கு முப்பது வருஷம் முந்தி, 1549-ஐ ஒட்டி, அவர் எழுதிய தமிழ் இலக்கணம். புதிதாகக் கப்பலிலிருந்து இறங்குகிற பாதிரிகளுக்காகப் போர்ச்சுகீசிய மொழியில் எழுதியது. கைப்பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் கிடந்தது. 1982-இல் வெர்மீர் ஜெர்மனியில் பதிப்பித்தார். 2013-இல் ழான் ஹைனும் வி. எஸ். ராஜமும் இங்கிலீஷில் மொழிபெயர்த்து ஹார்வர்டு வரிசையில் கொண்டுவந்தார்கள். நம்மூரில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

போர்ச்சுகீசிய மொழிக்கே இலக்கணம் அச்சேறி அப்போது பத்துப் பன்னிரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒலிவெய்ரா 1536, பாரோஸ் 1540. தன் பாஷையின் இலக்கணமே ஈரம் காயாமல் இருந்தபோது, லத்தீன் வாய்பாட்டைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் தமிழைப் பிரித்துப் போட்டார். யாருக்காக? எஸ்தெ, எஸ்ஸெ, அகேலெ என்று மூன்று சுட்டோடு வளர்ந்த கற்றுக்குட்டிகளுக்காக. நான் தருவைகுளத்தில் நடத்திய பாடத்தை அப்படியே திருப்பிப் போட்டால் அவர் பாடம். என் பையன்கள் இரண்டிலிருந்து இரண்டுக்குப் போனார்கள். அவருடைய மாணவர்கள் மூன்றோடு வந்தார்கள்.

அதற்கப்புறம் 1856-இல், இதே சீமையின் தெற்குக் கோடியில் இடையன்குடியில் இருந்த கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது, சுட்டு வேர்கள் அ, இ, உ என்று மூன்றையும் வரிசைப்படுத்தினார். வேர் என்றால் மண்ணுக்கடியில் இருப்பது என்று நாமும் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

குறுந்தொகை 81-ஆம் பாட்டில் ‘உதுக்காண்’ என்று ஒரு சொல் வருகிறது. தோழி தலைவனுக்குத் தங்கள் ஊரைக் காட்டுகிறாள். புலால் நாறுகிற கடலும் கானலும் இருட்டும் நிலவும் போல அருகருகே தெரிகிற, பனைமரங்கள் நிற்கிற சின்ன ஊர். மறந்துவிடாதே என்பதுதான் அவள் சொல்ல வந்தது. உரையில் ‘அதோ பார்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ‘அதோ’ அல்ல அது. நீ நிற்கிற இடத்திலிருந்து பார், உன் பார்வைக்கு எட்டுகிறதே, அது. ஊரை அவன் பக்கத்துக்குத் தள்ளி அவன் பொறுப்பில் வைக்கிற சுட்டு. நான் மிகைப்படுத்துகிறேன் என்று நண்பர்கள் சொல்லலாம். தருவைகுளத்தில் சாயங்காலம் ஊருக்குத் தெற்கே மணலில் நின்று பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பாடம் நடத்தி ஒரு வாரம் ஆகியிருக்கும். கரையேறிய படகில் வேலை நடந்துகொண்டிருந்தது. வயதானவர் ஒருவர் உள்ளே நின்ற பையனிடம், “அந்தக் கயித்த எடுலே” என்றார். பையன் அணியம் வரைக்கும் நடந்து அங்கே சுருட்டிக் கிடந்த கயிற்றைத் தூக்கினான். “அது இல்லலே, ஒங்காலு மாட்டுல கெடக்கே, அது!” என்று அவர் சத்தம் போட்டார். என்னைப் பார்த்து, “சொன்னது வெளங்கல பாருங்க அண்ணாச்சி” என்றார். விளங்காதது பையன் குற்றமில்லை. ‘ஒங்காலு மாட்டுல கெடக்கே, அது’ என்ற இந்தப் பெரிய ஏற்பாடு முழுக்க ஒரு காலத்தில் ஓரெழுத்துக்குள் இருந்தது. ரோமாபுரிக்காரன் இப்ஸேயைத் தேய்த்தான். நாம் இன்னும் தேய்க்க ஆரம்பிக்கவில்லை.

எதிர்க்கரையில் ஏன் அது தங்கியது? ஒரு காரணத்தை ஊகிக்கலாம். சிங்களத்தில் மே, ஓய, அர, ஏ என்று சுட்டு நான்கு. ஓய என்பது கேட்பவன் பக்கத்துப் பொருள். அண்டை வீட்டில் அந்த வழக்கம் இருந்தது நம் வழக்கத்தையும் காப்பாற்றிக் கொடுத்திருக்கலாம். அரசியலில் ஒருவரை ஒருவர் கேட்காத இரண்டு பாஷைகள் கேட்பவனுக்கான சொல்லை மட்டும் சேர்ந்து காத்தன என்று சொன்னால் வசனம் மாதிரி ஆகிவிடும். இருந்தாலும் விஷயம் அதுதான்.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூலில், அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று சொன்ன கையோடு, உகரம் இன்று சுட்டாக வழக்கில் இல்லை என்றும் சொல்கிறார்கள். யாருடைய வழக்கில்? எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் தாப்பாத்தியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பாட்டி பருத்தித்துறைப் பக்கம். பேத்தி இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிறவள். வகுப்பில் ஒரு நாள் ‘உது’ என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், வாத்தியாரும் சிரித்தார். பரீட்சையில் உகரச் சுட்டு வழக்கில் இல்லை என்று எழுதினால்தான் மதிப்பெண். எழுதினாள். அதற்கு உதாரணம் அவள் வீட்டிலேயே உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது.

கடைசியாக நான் போயிருந்தபோது சுவரோரம் பேத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் ஒரு பை, வாசலில் ஒரு பை. “பிள்ளை, உதை இஞ்சை கொண்டா” என்றாள் பாட்டி. பெண் தலை நிமிராமல் கையை நீட்டித் தன் காலடிப் பையை எடுத்துக் கொடுத்தாள். எந்தப் பை என்று கேட்கவில்லை. அதற்குள் பருத்தித்துறையிலிருந்து தொலைபேசி வந்தது. இரைச்சலில் பாட்டி கத்திப் பேச வேண்டியிருந்தது.

“உங்கை மழையோ?”

நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டுப் பெண் கொஞ்சம் கூச்சத்தோடு எனக்குச் சொன்னாள்: “அங்க மழையான்னு கேக்காங்க, சார்.”