தோற்றுப்போன பருத்தியின் காகிதக் கட்டு

1862-ல் சென்னையில் பருத்திச் சாகுபடி பற்றி ஒரு கையேடு அச்சானது. எழுதியவர் ஜேம்ஸ் டால்பாய்ஸ் வீலர். அவர் உழவரும் இல்லை, தாவரவியல் தெரிந்தவரும் இல்லை. மாநிலக் கல்லூரியில் தத்துவமும் தர்க்கமும் நடத்திய பேராசிரியர். அவருக்குப் பழக்கம் செடியோடு அல்ல, பழைய காகிதத்தோடு. அரசிடம் குவிந்து கிடந்த ஆவணங்களைப் படித்துப் பார்க்க அவரை அமர்த்தியிருந்தார்கள். அவற்றிலிருந்து பழைய சென்னையின் வரலாற்றை மூன்று தொகுதிகளாக எழுதிக்கொண்டிருந்தவரின் தலையில் இந்தப் பருத்தி வேலையும் வந்து விழுந்தது.

விழக் காரணம் அமெரிக்கா. 1861 ஏப்ரலில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத் துறைமுகங்களை வடக்கின் கப்பற்படை மறித்தது. லங்காஷயர் ஆலைகள் நூற்ற பஞ்சில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு அந்தத் துறைமுகங்களிலிருந்து வந்தது. தறி நின்றது, ஆள் பட்டினி கிடந்தான். இனி இந்தியாவை நம்ப வேண்டியதுதான் என்று ஆனபிறகு, இங்கே பருத்தியில் இதுவரை என்னென்ன செய்து பார்த்தோம் என்று அரசுக்கே தெரியவில்லை. பதிவேடுகளில் இருப்பதைச் சுருக்கி, வகைப்படுத்தித் தரச்சொல்லி இந்திய அரசு தீர்மானம் போட்டது. சென்னை மாகாணத்தின் பதில்தான் வீலரின் கையேடு.

செய்து பார்த்தது கொஞ்சமா? அந்த ஆவணக் கட்டுகளில் கனமான ஒன்று கோயம்புத்தூருடையது.

கதை 1839-ல் தொடங்குகிறது. அடிமைகளை வைத்து விளைவிக்கும் அமெரிக்கப் பஞ்சையே எத்தனை நாள் நம்பியிருப்பது என்ற கேள்வி இங்கிலாந்தில் அப்போதே இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைப் படையின் கேப்டன் பேய்ல்ஸை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவர் மிசிசிப்பிப் பக்கம் சுற்றி, விதையும், பஞ்சிலிருந்து கொட்டை பிரிக்கும் விட்னியின் ரம்ப ஜின் இயந்திரங்களும் திரட்டி, பத்துப் பருத்திப் பண்ணைக்காரர்களைச் சம்பளம் பேசிக் கூட்டிவந்தார். 1840-ல் அவர்கள் இந்தியா வந்தார்கள். மூன்று மாகாணங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். சென்னைக்கு வந்தவர்கள் முதலில் திருநெல்வேலிச் சீமைக்குப் போனார்கள், பிறகு கோவைக்கு.

அவர்கள் தலைக்கு மேல் ஒரு கண்காணிப்பாளர் வேண்டுமே. 1842-ல் ராபர்ட் வைட் கோவைக்கு வந்தார். ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனியின் மருத்துவர், தென்னிந்தியச் செடிகளை அவர் அளவுக்கு அறிந்தவர் அன்று யாரும் இல்லை. பதினோரு வருடம் கோவையில் இருந்தார். பருத்திக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டே, ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் கொண்ட தாவரவியல் நூலையும் முடித்தார். படங்கள் பலவற்றை வரைந்தவர் கோவிந்து என்ற நம் நாட்டு ஓவியர். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே வைட் அவர் பெயரை வைத்தார். பின்னால் வந்தவர்கள் அந்தச் செடியை வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டதால் பெயர் இப்போது புழக்கத்தில் இல்லை. வேலைசெய்த கைக்குப் பெயர் சொன்ன அந்தப் பெருந்தன்மை பருத்திக் கடிதங்களுக்குள் எட்டிப்பார்க்கவில்லை. அதற்கு வருகிறேன்.

கோவையில் பருத்தி புதிதில்லை. கரிசலில் உப்பம், செவக்காட்டில் நாடம் என்று இரண்டு நாட்டு ரகங்கள். உப்பத்தைப் புரட்டாசி, ஐப்பசி வாக்கில் விதைத்து வடகிழக்கு மழையில் வளர்ப்பார்கள். நாடம் சில வருடம் நிற்கும், நடுவில் தானியமும் போடலாம். பஞ்சு குட்டைதான், ஆனால் காய்ச்சலைத் தாங்கும். அமெரிக்கச் செடிக்கோ நீளப் பஞ்சு, நீளத் தாகம். மிசிசிப்பியில் அது வளரும் பருவம் முழுக்க மழை விட்டுவிட்டுப் பெய்யும். மலை மறைவில் கிடக்கும் கோவைக்கு வருடம் முழுக்கச் சேர்த்தாலும் மிசிசிப்பியின் வருட மழையில் பாதி கிடைத்தால் அதிகம். அதிலும் ஏறக்குறைய பாதி இரண்டு மாதத்தில் கொட்டித் தீர்ந்துவிடும்.

பண்ணைக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். எந்த மாதம் விதைப்பது, கரிசலா செம்மண்ணா, வரிசைக்கு வரிசை எவ்வளவு இடம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஒரு வருடம் நன்றாக வரும், அடுத்த வருடம் காய்ந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம். நன்றாக வந்த வருடக் கடிதம் நீளம், காய்ந்த வருடக் கடிதம் அதைவிட நீளம்.

இத்தனை காகிதம் எப்படித் தப்பியது? கம்பெனி ஆட்சியின் வழக்கமே அப்படி. வைட் எழுதுவது சென்னைக்குப் போகும். அங்கே குமாஸ்தா அதைப் பெரிய பதிவேட்டில் அட்சரம் பிசகாமல் நகலெடுப்பார். மேலிடத்துக்குப் போகும்போது இன்னொரு நகல், லண்டன் இயக்குநர்களுக்குக் கப்பலில் இன்னொன்று. கரையான் ஒரு படியைத் தின்றாலும் அடுத்தது இருக்கும். இது போதாதென்று 1847-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கேட்டு, 1836 முதல் எழுதிய பருத்திக் காகிதங்கள் அச்சிலும் ஏறின. மறுவருடம் ஜான் பிரைட் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து நிலவரியையும் சாலையில்லாக் கொடுமையையும் சாட்சிகளிடம் கிண்டியது.

அந்தப் பக்கங்களில் பண்ணைக்காரர் பேசுகிறார், வைட் பேசுகிறார், கலெக்டர் பேசுகிறார். கொங்கு விவசாயி பேசுவதில்லை. பழைய வழக்கத்தை விடமாட்டேன் என்கிற ஆளாக, ஒரு முறையீட்டின் நடுவில் மட்டும் தலைகாட்டுவார். என்னைக் கேட்டால் அந்தக் கட்டிலேயே சரியாகக் கணக்குப் போட்டவர் அவர்தான். புதுப் பஞ்சுக்கு உள்ளூர் வியாபாரி கூடுதல் விலை தரவில்லை. மழை தவறினால் வரிக்காரர் தவறமாட்டார். பருத்தி என்றால் அவருக்குப் பஞ்சு மட்டுமா? கொட்டை மாட்டுக்கு வேண்டும். வீட்டில் பெண்கள் மணையில் உருளை சுற்றிக் கொட்டை எடுத்தால் அது வீட்டிலேயே கிடக்கும். ரம்ப ஜின்னுக்குப் பருத்தி போனால் கொட்டையும் கூடவே போகும். இந்த நிலையில் அமெரிக்க விதையை வாங்கிப் போடுகிறவரைத்தான் அசடு என்று சொல்லவேண்டும். பண்ணைக்காரர்களுக்கு இது பிடிபடாததிலும் வியப்பில்லை. சொந்தக் கணக்குப் போட உரிமையே இல்லாத அடிமைகளை வேலைவாங்கிய நாட்டிலிருந்து வந்தவர்கள் அவர்கள்.

1853-ல் வைட் ஓய்வுபெற்றுக் கப்பலேறினார். கோவைச் சோதனை அத்தோடு முடிந்தது. செடி போனது, காகிதம் நின்றது.

ஒன்பது வருடம் கழித்துக் கட்டை அவிழ்த்தவர் வீலர். அவர் கையேட்டின் சிறப்பு, தோல்வியை மறைக்காதது. டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 1790 வாக்கில் சென்னையில் விதை பங்கிட்டது முதல் கோவைச் சோதனை வரை ஒவ்வொரு முயற்சியையும் அது எப்படித் தேய்ந்தது என்பதோடு சேர்த்து வைத்திருக்கிறார். வேண்டிய நேரத்தில் வந்த புத்தகம்தான். அதே 1862-ல் சென்னையிலிருந்து போத்தனூர் வழியாகப் பேப்பூர்வரை ரயில்பாதையும் முடிந்தது. ஆனால் பஞ்சு விலை ஏறியதும் நம் ஆட்கள் கையேட்டைப் பார்த்து விதைக்கவில்லை, தங்களுக்குத் தெரிந்த பருத்தியையே கூடுதலாகப் போட்டார்கள். 1865-ல் போர் முடிந்தது, விலை சரிந்தது. வீலர் அதற்குள் கல்கத்தாவில் வேறு உத்தியோகத்துக்குப் போயிருந்தார்.

அமெரிக்கப் பருத்தி கோவையில் பிறகு ஜெயித்தது, வேறு பெயரில். 1900-களின் தொடக்கத்தில் கம்போடியாவிலிருந்து ஒரு விதை தென் மாவட்டங்களுக்கு வந்தது. கம்போடியாப் பருத்தி என்றே அழைத்தார்கள். தாவரவியலில் அது மிசிசிப்பிச் செடியின் இனமேதான், பூர்வீகம் மெக்சிகோப் பக்கம். இம்முறை அதைக் காட்டில் போடவில்லை, தோட்டத்தில் போட்டார்கள். மழையை நம்பும் நிலம் காடு, கிணறு உள்ளது தோட்டம் என்பது கொங்குக் கணக்கு. கவலை பூட்டி மாடு முன்னும் பின்னும் நடந்து இறைத்த தண்ணீர், வைட்டால் வானத்திடம் வாங்க முடியாததைக் கொடுத்தது. நீளப் பஞ்சுக்கு விலைகொடுக்க உள்ளூரிலேயே ஆலைகளும் வந்திருந்தன. ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேய வணிகரின் ஆலை 1888-ல் தொடங்கியது. வேளாண் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு வந்தபிறகு, கம்போடியாவிலிருந்து தேர்ந்தெடுத்த ரகங்கள், எம்.சி.யு. என்ற ரக வரிசை, 1974-ல் சுவின் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உலகின் மிக மெல்லிய, நீளமான பஞ்சுகளோடு வைத்துப் பேசப்படும் சுவின் கோவையில் உருவானது.

வைட்டின் சோதனைக் காகிதங்களைப் படிக்க விரும்புகிறவர்கள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடுகளைக் கேட்கலாம். லண்டன் படிகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. வைட் தாவரவியலாளர் ஹூக்கருக்கு எழுதிய கடிதங்கள் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில். இத்தனையிலும் எனக்குப் பிடித்த வேலை ஒன்று மிச்சமிருக்கிறது: பதினோரு வருடமும் வைட் எந்த மாதம், எந்த மண்ணில் விதைத்தார் என்று எடுத்து, அறுபது ஆண்டு கழித்துத் தோட்டத்தில் கம்போடியா போட்டவர்களின் பட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. கிணறு ஒன்றுதான் வித்தியாசமா, வேறு ஏதாவது இருந்ததா என்று கோவையிலேயே படிக்கும் வேளாண் மாணவர் யாராவது சொல்லலாம்.